பின்னால் நிற்பவரின் குரல்

என் கணவரின் குரலை நான் முதன்முதலில் கேட்டது கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், சமையலறை ஜன்னல் வழியாக. அதற்கு முன் கேட்டதையெல்லாம் குரல் என்று சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த அன்று "காபி நல்லாருக்கு" என்றார். முகூர்த்தம் முடிந்து ஆட்கள் வரிசையாக மேடையேறியபோது "கால் வலிச்சா உக்காரு" என்றார். மற்றதெல்லாம் தலையாட்டல். கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்க லைன் வீட்டுப் பெண்கள், "மாப்ளைக்கு வாய் வருமா?" என்று என் அம்மாவின் காதைக் கடித்தார்கள். "இந்தியா டீமுக்கு ஆடுற பையன், அடக்கம் ஜாஸ்தி" என்று அம்மா சமாளித்தாள்.

அந்த அடக்கமான பையன்தான் அன்று சாயங்காலம் அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். "ஏறு, ஏறு, லைன் ஏறு. ரைட்டு, உன் பின்னாடி ஆளு. பாருடா பின்னாடி." யாரோ யாரையோ வெட்ட வருகிறார்கள் என்றே நினைத்தேன். தோசைத் திருப்பியோடு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டம்மா பூக் கட்டிக்கொண்டே சிரித்தார். "அது உன் வூட்டுக்காருதாம்மா. அவரு கத்தலன்னாதான் நாங்க பயப்படணும்."

அது தொண்ணூற்றொன்று. அவர் அப்போது இந்திய அணியில் ஸ்டாப்பர் பேக். எனக்குக் கால்பந்து என்றால் ஒரு பந்தை இருபத்திரண்டு பேர் துரத்துவது, அவ்வளவுதான். ஸ்டாப்பர் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, எங்கள் கல்யாண வாழ்க்கையின் மிக நீளமான பேச்சுகளில் ஒன்றைப் பேசினார். "கோல் காக்கிற கோலியைத் தவிர எல்லாரும் எனக்கு முன்னாடி நிக்கறாங்க. அவங்க முதுகுக்குப் பின்னாடி வர்றது அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொல்லலைன்னா நான் எதுக்கு அங்க நிக்கணும்?"

"வூட்ல எனக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லியா, சொல்றதுக்கு?" என்றேன். சிரித்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை வாயை மைதானத்துக்கு மட்டும் எடுத்துப் போனது.

அவர் பிறந்து வளர்ந்தது அதே தெருவில். வெறுங்காலோடு அந்த மண்ணில் ஆடினார்; அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. பேருக்கு ஸ்டோர்ஸில் உத்தியோகம், உண்மையில் கம்பெனி டீமில் பின்வரிசை. காலையில் கம்பெனி பஸ், மதியத்துக்கு மேல் பெர்மிஷன், சாயங்காலம் பிராக்டிஸ். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் சோறு அப்படித்தான் வெந்தது. அங்கிருந்து மாநில அணி, பிறகு இந்திய முகாம். நான் அப்போது தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கத்துவது எனக்கும் தொழில்தான். பகலெல்லாம் கத்திவிட்டு வரும் இரண்டு பேர் இருந்த வீடு அது. உள்ளே குக்கர் சத்தம்தான் கேட்கும். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

கல்யாணமான அந்த வருஷ டிசம்பரில் காவிரித் தண்ணீர் பேரில் ஊர் பற்றி எரிந்தது. தமிழ் பேசுகிற வீடு என்று தெரிந்தால் கல் விழுந்தது. அவர் பீன்யாவில் மாட்டிக்கொண்டார். பஸ் கிடையாது. நான் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவருடைய கம்பெனி டீமின் கோல்கீப்பர் சந்து சந்தாக ஸ்கூட்டரை ஓட்டி அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். கோலி கன்னடக்காரர், மல்லேஸ்வரம் பக்கம். இவரை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் சத்தமாகக் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் உள்ளே, துப்புரவுக்காரர்கள் வந்து போகும் கன்சர்வன்சி சந்துப் பக்கம் திறக்கும் பின்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதவுக்குச் சரியான தாழ்ப்பாள் இல்லை. சந்தில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். முன்னால் கோலி, பின்னால் ஸ்டாப்பர், நடுவில் நான். ஆட்டத்தில் இது தலைகீழ் என்று கோலி பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த நாள் எங்கிருந்தோ ஒரு கனமான இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்து தானே அடித்தார். அன்று ஆரம்பித்ததுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, திரும்பி வரும்போது, படுக்கப் போகும்போது, "பின்னாடி தாழ்ப்பாள் போட்டியா?" கேம்ப்புக்கு ரயிலேறும்போதும் அதே. வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஆடப் போயிருப்பார். எதிர்வீட்டுக்குப் போன் வரும். எதிர்வீட்டம்மா ஜன்னலிலிருந்து கூப்பிட, நான் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன். கடல் தாண்டி வந்த போனில் அவர் கேட்பது, "பின்னாடி தாழ்ப்பாள் போட்டியா?" "போட்டேன்" என்பேன். "சரி, வெக்கறேன்" என்பார். எதிர்வீட்டம்மா, "இன்னாம்மா, புருசன் இன்னா சொன்னாரு?" என்று ஆசையாகக் கேட்பார். நான் என்னத்தைச் சொல்ல. "சாப்ட்டியான்னாரு" என்று பொய் சொல்வேன்.

இந்திய அணிக்கு அவர் ஆடிய அந்த வருஷங்களில் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். தோற்கும் அணியில் ஸ்டாப்பருக்குத்தான் வேலை. பேப்பரில் அவர் படம் வந்தால் முக்கால்வாசி அது கோல் வாங்கிய படமாக இருக்கும்: தரையில் விழுந்து கிடக்கும் கோல்கீப்பர், வலையில் பந்து, ஓரத்தில் இடுப்பில் கை வைத்து இவர். "நல்லா போஸ் குடுத்திருக்கீங்க" என்பேன். புருவத்தில் தையல், உதட்டில் தையல், மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பெங்காலியிலும் மலையாளத்திலும் இந்தியிலும் கொங்கணியிலும் அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் "பின்னாடி பாரு" என்பதுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாடு நாடாகப் போய் வந்தார். இந்திய அணியின் நீலச் சட்டையை நான் கையால்தான் துவைப்பேன். அவரைத் திட்டிக்கொண்டே துவைப்பேன், ஆனால் பிரஷ் போட மாட்டேன்.

பிறகு முட்டி போயிற்று. ஒரு கேம்ப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள், அடுத்த கேம்ப்புக்குக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான், வழியனுப்பு விழா ஒன்றும் இல்லை. கம்பெனி டீமில் இன்னும் சில வருஷம் நொண்டிக்கொண்டு ஆடினார். அப்புறம் கோச்சிங் படிப்பு முடித்து வந்தார்; கம்பெனி டீமுக்கே கோச் ஆக்கினார்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தெருப் பையன்களின் கிளப், மதியத்துக்கு மேல் கம்பெனி. ஸ்டாப்பராக இருந்தபோது முன்னால் இருக்கிறவர்களைப் பார்த்துக் கத்தினால் போதும். கோச் ஆனதும் மொத்த மைதானத்துக்கும் கத்த வேண்டும். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் யாராவது செத்தால் பாடையை நேரே இடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மைதானத்துக்குள் எடுத்துவந்து, அவர் எந்த இடத்தில் ஆடினாரோ அந்த இடத்தில் இறக்குவார்கள். கூட ஆடியவர்கள் அவரவர் இடத்தில் போய் நிற்பார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவர் விசில் ஊதுவார், தூக்குவார்கள். பெண்கள் அதுவரைதான் வரலாம். விசிலுக்குப் பிறகு திரும்பிவிட வேண்டும். ஓரத்தில் ஆடிய பழைய விங்கர் ஒருவர் இறந்தபோது முதல் தடவை பார்த்தேன். கோட்டோரமாக, கார்னர் கொடிக்குப் பக்கத்தில் பாடை. "சாவுலயும் உங்க பந்து விடாதா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எடத்துல வெக்கணும் இல்ல" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை வழக்கம் என்று சொல்லவே இப்போது வாய் கூசுகிறது. எங்கள் பக்கத்துக் கோச்சுகளுக்குக் குரல் இருக்காது. எல்லாருக்கும் தொண்டை கரகரவென்றுதான் இருக்கும். அதில் ஒரு பெருமை. லீக் நடக்கும் மாதங்களில் டீக்கடையில் சந்தித்துக்கொள்ளும்போது, யாருக்குத் தொண்டை அதிகம் கட்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். குரல் பளிச்சென்று இருந்தால், "இன்னா குரு, டீம் பிராக்டிஸ் இல்லியா?" என்று கிண்டல் விழும். அதனால் அவருக்குத் தொண்டை கட்டியபோது எங்கள் தெருவில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. "கோச் சாருக்கு சீசன் வந்துட்ச்சு" என்றார்கள். லீக் முடிந்தும் தெளியவில்லை. "வயசாவுதுல்ல" என்றார்கள். சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப் பால் என்று நான் போட்டுக் கொடுத்தேன். டீச்சர்களுக்கும் அதே வைத்தியம்தானே. மேட்ச் முடிந்தால் சிகரெட் பிடிப்பார். அதைக் குறை என்றேன், குறைத்தார். வேறு ஊரில், வேறு தொழிலில் இருந்திருந்தால் யாராவது ஒருவர், "இத்தனை மாசமாவா? டாக்டரைப் பாருப்பா" என்று சொல்லியிருப்பார். எங்களுக்கு அது பதக்கம் மாதிரி. மார்பில் குத்திக்கொண்டு திரிந்தோம்.

கோலிதான் கடைசியில் கண்டுபிடித்தார். அவர் ஆடுவதை விட்டுக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் இவர் சோறு விழுங்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "அக்கா, இது கத்தினது இல்லை. நாளைக்கே ஆஸ்பத்திரி. நானும் வர்றேன்" என்றார், அவருடைய கன்னடம் ஏறிய தமிழில்.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் நல்லவர், ஒளிக்காமல் சொன்னார். குரல்வளையில் புற்று. மருந்தில், கதிர்வீச்சுக் கரன்டில் கரைகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைக்கலாம். கழுத்தில் ஒரு துளை வைப்போம், அதில்தான் மூச்சு. பேச்சு இருக்காது. சீக்கிரம் செய்தால் நல்லது.

இவர் கேட்ட முதல் கேள்வி, "சார், லீக் முடிஞ்சப்புறம் வெச்சிக்கலாமா?"

எனக்கு அங்கேயே நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டும் போலிருந்தது. விஷயம் இதுதான். அந்த வருஷம் கம்பெனி டீம் லீகில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் டீமைக் கலைத்துவிடுவார்கள் என்று பீன்யாவில் பேச்சு. கலைத்தால் வேலை நிரந்தரமாகாத பையன்கள் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். எல்லாம் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும்தான். "அவனுங்க பின்னாடி யாரு இருக்கா?" என்றார், அந்த உடைந்த குரலில். "எம் பின்னாடி யாரு இருக்கா?" என்று நான் கேட்டேன். பஸ் ஸ்டாப்பில், ஆட்கள் பார்க்கக் கேட்டேன். அவர் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பதில் அதுதான்.

லீக் முடியும்வரை ஆடினார்கள், இவரும் கத்தினார். அதைக் குரல் என்று சொல்ல மாட்டேன். பலகையில் அரம் போடுகிற சத்தம். கடைசி மேட்சுக்கு நான் போனேன், முதல் தடவையாக ஸ்டேடியத்துக்குள். பந்தை நான் பார்க்கவில்லை, அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அந்த நரம்பு புடைக்கும்போதும் என் கழுத்தை நானே பிடித்துக்கொண்டேன். ஆட்டம் டிராவில் முடிந்தது. அது போதுமாம், டீம் தப்பித்தது. பையன்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அடுத்த வருஷம் லீக் தொடங்குமுன்பே கம்பெனி டீமைக் கலைத்துவிட்டது. கீழே இறங்கியதற்காக அல்ல; மேலே புதிதாக வந்தவர்களுக்குக் கால்பந்து எதற்கு என்று தோன்றியது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் வார்டில் படுத்திருந்தார். எனக்கு ஒரே எண்ணம். நாளைக்கு இந்த நேரத்துக்கு இந்தக் குரல் உலகத்தில் இருக்காது. எனக்கென்று ஏதாவது ஒன்று சொல்லட்டும். பெரிய வசனம் வேண்டாம். என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அதையே வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவேன். வாய் விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. காத்திருந்தேன். அப்போது டீமின் கேப்டன் பையன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். இவர் எழுந்து உட்கார்ந்து, பார்வையாளர் நேரம் முடியும்வரை அவனிடம் கார்னர் கிக் வரும்போது யார் எந்தப் போஸ்ட்டில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பழத் தோலைக் கட்டிலில் பரப்பி வைத்து, "இது நீ, இது அவன்" என்று. கேப்டனுக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தோலையெல்லாம் வழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கொண்டுவந்தார்கள். "இதுக்கு மேல நீங்க வரக் கூடாதும்மா" என்றார் நர்ஸ். அவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். உதடு அசைந்தது. நான் குனிந்தேன். என் உயிரையெல்லாம் காதில் வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"பின்னாடி தாழ்ப்பாள் போட்டியா?"

நான் பதில் சொல்லவில்லை. கோபமா, அழுகையா, எனக்கே தெரியாது. கதவு திறந்தது, வண்டி உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள் இல்லை. அதுதான் கொடுமை. வீட்டுக்குள் அவர் எப்போதும் இருந்த மாதிரியேதான் இருந்தார். கழுத்தில் நான் தைத்துக் கொடுத்த துணித் திரை, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டு கொண்டுவந்து கொடுத்தேன். பேசாதவர் எழுதவும் மாட்டார் என்று தெரிந்தது. "உப்பு" என்று ஒரு தடவை எழுதினார். மற்றதெல்லாம் கைதான். பின்கதவைக் காட்டி விரலை மடக்கி இழுப்பார். போட்டியா என்று அர்த்தம். நான் தலையாட்டுவேன். இப்போது தலையாட்டுவது என் முறை.

ஒரு நாள் சமையலறையிலிருந்து பார்த்தேன். ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தார். கன்னம் லேசாக உப்பியது. சத்தம் வரவில்லை. மூச்சு கழுத்துத் துளை வழியாகப் போய், துணித் திரை மட்டும் படபடத்தது. அவருக்கும் அது அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. குரல் போகும் என்றார்கள், விசிலும் போகும் என்று சொல்லவில்லை. விசிலைச் சட்டையில் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று அழுத மாதிரி ஆபரேஷன் அன்றுகூட அழவில்லை.

கம்பெனி அவரைத் திரும்ப ஸ்டோர்ஸுக்கு அனுப்பியது. காலையில் தெருப் பையன்களின் கிளப் மட்டும் மிஞ்சியது. அங்கே போய் நின்றார். கை தட்டினார், கையை ஆட்டினார். ஆனால் ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் நிற்கிற ஆளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கைதட்டல் கேட்கும். ஊர்வலத்துக்கு நடுவில் புறாவை விரட்டுகிறவர் மாதிரி. எனக்குக் கேட்கக் கேட்கத் தாங்காது. எதிர்வீட்டம்மா ஒரு நாள், "இப்பல்லாம் காலைல எனக்கு முழிப்பே வர்றதில்ல" என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது முந்தானையை எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பக்கத்து ஏரியா டீமோடு பிராக்டிஸ் மேட்ச். எங்கள் பையன்களின் பின்வரிசை கோலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இவர் இரண்டு கையையும் முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார். ஒருத்தனும் பார்க்கவில்லை. கழுத்துத் துணி ஈரமாகிவிட்டது. முகம் கறுத்துவிட்டது. எனக்கு எப்படி வந்தது என்று தெரியாது. தூக்குவாளியைக் கீழே வைத்தேன்.

"லைன் ஏறுங்கடா. ஏறு, ஏறு. ரைட்டு, உன் பின்னாடி ஆளு."

நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல். மொத்த மைதானமும் திரும்பியது. பையன்கள் ஒரு நொடி நின்று, பிறகு ஏறினார்கள். ஆண்டாண்டு காலமாக ஜன்னல் வழியாக வந்து விழுந்ததெல்லாம் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார்: இன்னும் சத்தமா.

அப்படியே கொஞ்ச காலம் போயிற்று. அவர் கை சொல்லும், நான் கத்துவேன். ஆரம்பத்தில் பையன்கள் சிரித்தார்கள். எதிரணிக்காரர்கள், "கோச்சம்மா" என்று கூவினார்கள். பிறகு பழகிவிட்டது. எனக்கு இன்றும் ஆப்சைடு முழுசாகப் புரியாது. ஆனால் அவர் இடது கையைத் தாழ்த்தினால் லெப்ட் பேக் தூங்குகிறான் என்று தெரியும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த மைதான ஓரத்தில்தான். அவருடைய சொல் என் வாயில் வந்தது. எனக்கென்று ஒரு சொல் அதில் இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

புற்று திரும்ப வந்தது, இந்த முறை நெஞ்சுக்குள். டாக்டர் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர் கட்டிலைப் பின்கதவுப் பக்கமாகப் போடச் சொல்லிக் கை காட்டினார். அங்கேதான் மைதானச் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று நான் நினைத்தேன். கோலி வந்து பார்த்துவிட்டு, "இல்லை அக்கா. அவன் இடம் அதுதான். கலவரத்து அன்னைக்கு உக்காந்த எடம்" என்றார். மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். சத்தமே இல்லை. அவர் போகும்போதும் வீட்டுக்குள் சத்தம் போடவில்லை.

பழைய டீம் பையன்கள் எங்கெங்கோ இருந்து வந்து சேர்ந்தார்கள். கேப்டன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குக் கேப் ஓட்டுகிறான். வண்டியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு யூனிபார்மோடு வந்தான். ஒருத்தன் மாலில் செக்யூரிட்டி, ஒருத்தன் அடுகோடியில் மெக்கானிக், கையில் கிரீஸ் போகவில்லை. பெட்டியில் இருந்த நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். மேலே போர்த்தினார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் வாசலில் நின்றார்கள். நான் மட்டும் உள்ளே திரும்பிப் போனேன். எதிர்வீட்டம்மா, "எங்கம்மா போற?" என்று கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டு போய், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தேன்.

மைதானத்தில் கோலுக்கு முன்னால், பெனால்டி பெட்டிக் கோட்டுக்கு நடுவில் இறக்கினார்கள். மண் நனைந்திருந்தது. லெப்ட், ரைட், முன்னால் நடுவில் என்று அவரவர் போய் நின்றார்கள். கோலி வழுக்கைத் தலையில் துண்டோடு இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றார். ஆணியில் தொங்கிய அவருடைய விசில் கோலியின் கழுத்தில். கோலியைத் தவிர எல்லாரும் இவருக்கு முன்னால் நின்றார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் சொல்லிக் கொடுத்தபடி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்த மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

கோலி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். இருங்கள் என்று கை காட்டினேன். போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொல்லாமல் விட்டதை, சத்தமாகவே, பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பின்னாடி தாழ்ப்பாள் போட்டுட்டேன். நீங்க கெளம்புங்க."

கோலி விசில் ஊதினார். தூக்கினார்கள்.